சிப் கார்டும் பின் நம்பரும்: வடசென்னையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எம்.சி. ரோடு துணிக்கடைகளிலும், தண்டையார்பேட்டை மருந்துக் கடைகளிலும், காசிமேட்டில் வலையும் ஐஸும் விற்கும் இடங்களிலும், மாதம் பிறந்ததும் ஏடிஎம் வாசலில் நிற்கும் பென்ஷன்காரர்களிடமும் திரும்பத் திரும்பக் காதில் விழும் சந்தேகங்கள் இவை. கேள்விகளைக் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே போட்டிருக்கிறோம். பதில்கள் இந்திய வங்கிகள் கொடுக்கும் டெபிட், கிரெடிட் கார்டுகளுக்குப் பொருந்தும்.

கார்டைத் தேச்சா மிஷின் "சிப்பைச் சொருகு"ன்னு சொல்லுது. முன்னெல்லாம் தேச்சாலே போதுமே, இப்ப இன்னா ஆச்சு?

மிஷினிலும் கோளாறு இல்லை, கார்டிலும் இல்லை. பின்பக்கக் கருப்புப் பட்டையில் கார்டு எண், காலாவதித் தேதி ஆகியவற்றோடு மூன்று இலக்கச் சேவைக் குறியீடு ஒன்றும் பதிவாகியிருக்கும். அது 2 அல்லது 6-ல் தொடங்கினால் அந்தக் கார்டில் சிப் உண்டு என்று அர்த்தம். தேய்த்ததும் மிஷின் அதைப் படித்துவிட்டு, சிப் வழியாக வரச் சொல்கிறது.

ரிசர்வ் வங்கி 2015 ஆகஸ்டில் போட்ட உத்தரவுதான் இதன் ஆரம்பம். புதிதாகக் கொடுக்கும் கார்டுகள் சிப்பும் பின்னும் உள்ளவையாகவே இருக்க வேண்டும், கையில் இருக்கும் வெறும் பட்டைக் கார்டுகளை 2018 டிசம்பர் 31-க்குள் மாற்றித் தர வேண்டும் என்று வங்கிகளுக்குச் சொன்னார்கள். கடையில் டெபிட் கார்டுக்குப் பின் நம்பர் போட வேண்டும் என்ற விதி அதற்கும் முன்பே, 2013 டிசம்பரில் வந்துவிட்டது.

பட்டையில அப்படி இன்னா தப்பு? அத்தினி வருஷம் அதைத்தானே தேச்சோம்?

பழைய பாட்டு கேசட்டில் இருந்த டேப்பும் இந்தப் பட்டையும் ஒரே வகை. எழுதி வைத்ததை எத்தனை முறை ஓட்டினாலும் அதையேதான் சொல்லும், இன்னொரு டேப்பில் அப்படியே ஏற்றவும் முடியும். திருடர்கள் செய்ததும் அதுதான். ஏடிஎம்மில் கார்டு நுழையும் வாயின் மேல் அதே நிறத்தில், அதே வடிவத்தில் ஒரு போலி வாயை ஒட்டிவிடுவார்கள். உங்கள் கார்டு உள்ளே போகும்போதே பட்டையில் இருப்பது நகலாகிவிடும். பட்டனுக்கு மேலே ஒளித்து வைத்த சின்ன கேமராவோ, பட்டன்கள் மீது ஒட்டிய போலித் தகடோ பின் நம்பரைப் பிடித்துக்கொள்ளும். வெற்றுக் கார்டு ஒன்றில் அந்தத் தகவலை எழுதினால் உங்கள் கார்டின் இரட்டை தயார். அசல் உங்கள் பையிலேயே இருப்பதால், பணம் போன எஸ்எம்எஸ் வரும்வரை உங்களுக்குத் தெரியாது.

2016-ல் இந்தியாவில் சுமார் 32 லட்சம் டெபிட் கார்டுகளின் தகவல் ஒரே சம்பவத்தில் கசிந்திருக்கலாம் என்று வங்கிகள் அவற்றை முடக்கவும், பின்னை மாற்றச் சொல்லவும் வேண்டியதானது. அங்கே யாரும் போலி வாய் ஒட்டவில்லை. ஏடிஎம்களை இயக்கும் கணினி அமைப்புக்குள் கெட்ட மென்பொருள் புகுந்துவிட்டது. எங்கே கசிந்தாலும் அப்படியே திரும்பப் பயன்படும் தகவல் என்பதுதான் பட்டையின் அடிப்படைக் குறை.

சிப் மட்டும் எப்படிக் காப்பாத்துது?

தங்க நிறச் சதுரம் வெறும் இணைப்புத் தகடு. அதன் அடியில் இருப்பது ஒரு சின்னஞ்சிறு கணினி. அதற்குத் தனி பேட்டரி கிடையாது. மிஷினில் சொருகும்போது மிஷின் கொடுக்கும் மின்சாரத்தில்தான் விழித்துக்கொள்கிறது.

அதற்குள் ஒரு ரகசியச் சாவி இருக்கிறது. அது சிப்பை விட்டு வெளியே வருவதே இல்லை. ஒவ்வொரு முறையும் தொகை, தேதி, மிஷின் கொடுக்கும் ஒரு தற்செயல் எண், இது எத்தனையாவது பரிவர்த்தனை என்ற எண்ணிக்கை எல்லாவற்றையும் அந்தச் சாவியோடு சேர்த்துக் கணக்குப் போட்டு, அந்த ஒரு முறைக்கு மட்டும் செல்லும் குறியீட்டை சிப் அனுப்பும். வங்கி தன்னிடம் உள்ள சாவியால் அதே கணக்கைப் போட்டுச் சரிபார்க்கும். நடுவில் ஒருவன் அந்தக் குறியீட்டைப் பிடித்து நாளை அனுப்பினால் எண்ணிக்கை ஒத்துவராது, வங்கி மறுத்துவிடும்.

கார்டுல சிப்பு இருக்கு, ஆனா பின்னாடி கருப்புப் பட்டையும் இன்னும் கீதே. அப்போ இது பழைய கார்டா?

இல்லை. சிப் படிக்காத மிஷின்கள் வெளிநாடுகளில் இன்னும் சில இடங்களில் இருப்பதால் பட்டையையும் விட்டு வைத்திருக்கிறார்கள். உள்ளூரில் அதற்கு வேலை மிகக் குறைவு.

பட்டையில் ஒரு சரிபார்ப்பு எண், சிப்பில் வேறொன்று, பின்பக்கம் அச்சிட்ட மூன்று இலக்கம் இன்னொன்று என மூன்றும் தனித்தனி. சிப்பிலிருந்து படித்ததைப் போலிப் பட்டையில் எழுதித் தேய்த்தால் அந்த எண் பொருந்தாது. வங்கி அதைச் சரிபார்த்தால் அங்கேயே பிடிபடும்.

கடையில எப்படிச் சொருகணும்? எவ்ளோ நேரம் உள்ளயே வைக்கணும்?

முதலில் கடைக்காரர் தொகையை அடிக்கட்டும். திரையில் அதை நீங்களே படியுங்கள். 450-க்குப் பதில் 4,500 என்று விழுவது அடிக்கடி நடக்கும் தவறு. பிறகு தங்கச் சதுரம் மேலே பார்த்தபடி, அது இருக்கும் முனை முதலில் போகும்படி, மிஷினின் கீழ்ப்பக்கப் பிளவில் தட்டுப்படும்வரை சொருகுங்கள். சேமிப்பா நடப்பா என்று சில மிஷின்கள் கேட்கும். பின்னை அழுத்தி, பச்சைப் பட்டனைத் தட்டுங்கள். தப்பாக அழுத்தினால் மஞ்சள் அழிக்கும், சிவப்பு மொத்தத்தையும் ரத்து செய்யும். பார்வை குறைந்தவர்களுக்கு: 5 என்ற பட்டன் மேல் சின்னப் புள்ளி புடைத்திருக்கும், அதிலிருந்து மற்ற எண்களைப் பிடித்துக்கொள்ளலாம்.

"கார்டை எடுக்கவும்" என்று வரும்வரை தொடாதீர்கள். பட்டைக் காலத்துப் பழக்கத்தில் சொருகியதும் உருவி எடுத்தால் பரிவர்த்தனை கெட்டுவிடும். சிப்பும் வங்கியும் பேசி முடிக்கும்வரை சில விநாடிகள் கார்டு உள்ளேயே இருக்க வேண்டும். நெட்வொர்க் மந்தமாக இருந்தால் அரை நிமிஷமும் ஆகலாம்.

ஏடிஎம்-ல கார்டு மாட்டிக்கிச்சு, இழுத்தா வர மாட்டேங்குது. மிஷின் முழுங்கிடுமா?

கார்டின் பாதி வெளியே தெரிகிற வகை ஏடிஎம்களில் பரிவர்த்தனை முடியும்வரை கார்டைப் பிடித்து வைக்கும் பூட்டு உண்டு. காரணம் முந்தைய பதிலில் சொன்னதுதான். பலங்கொண்டு இழுத்தால் கார்டும் வளையும், உள்ளே சிப்பைத் தொடும் முள்ளும் வளையும். சிவப்புப் பட்டனை அழுத்திவிட்டுக் காத்திருங்கள்.

கார்டை முழுதாக உள்ளே இழுக்கும் வகையில் நிஜமாகவே சிக்கிவிட்டால், அந்த இடத்தை விட்டு நகரும் முன் போனில் கார்டை முடக்குங்கள். அப்போது யாராவது வந்து "பின்னை இன்னொரு தரம் போடுங்க, வந்துடும்" என்றால் போடாதீர்கள். கார்டைச் சிக்க வைத்தவனே அந்த ஆளாக இருக்கலாம்.

நாலு நம்பர்தானே, கடைப் பையன்கிட்ட சொன்னா அவனே அடிச்சுக்கிறான். அதுல இன்னா இருக்கு?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள். சிப் வந்த பிறகு கார்டை நகலெடுப்பது மிகக் கடினமாகிவிட்டது. அதனால் திருடனுக்கு இப்போது அசல் கார்டும் பின்னும் வேண்டும். கார்டு ஒரு நிமிஷம் கை மாறினால் போதும். பின்னை நீங்களே கடை முழுக்கக் கேட்கும்படி சொல்லிவிட்டால் மிச்ச வேலையும் முடிந்தது. வரிசையில் பின்னால் நிற்பவர் யாரென்று உங்களுக்கும் தெரியாது, அந்தப் பையனுக்கும் தெரியாது. அவன் நல்லவனா கெட்டவனா என்பது இங்கே கேள்வியே இல்லை.

பெட்ரோல் பங்கிலும் ஓட்டலிலும் மிஷினை உங்களிடம் கொண்டுவரச் சொல்லுங்கள். ஒரு கையால் பட்டன்களை மறைத்துக்கொண்டு நீங்களே அழுத்துங்கள். கடைக்காரர்களுக்கும் ஒன்று: "பின் சொல்லுங்க" என்று கேட்கவே கேட்காதீர்கள், மிஷினைத் திருப்பி வாடிக்கையாளர் பக்கம் நீட்டுங்கள். நாளை ஏதாவது நடந்தால் முதல் சந்தேகம் உங்கள் கடைப் பையன் மீதுதான் விழும்.

ஏடிஎம்மில் நடப்பது இன்னும் கொடுமை. பணம் எடுக்கத் தெரியாத பெரியவர்களுக்கு உதவுவதுபோல் ஒருவன் கார்டை வாங்குவான், பின்னைக் கேட்பான், "பணம் இல்லையாம் பெரியம்மா" என்று அதே வங்கியின் வேறொரு செத்த கார்டைத் திருப்பிக் கொடுப்பான். நிறமும் சின்னமும் ஒன்றாகவே இருப்பதால் அவர் வீடு போய்ச் சேரும்வரை கவனிக்க மாட்டார். இதைச் சிப்பால் தடுக்க முடியாது. வீட்டில் பெரியவர்கள் இருந்தால் அவர்கள் கார்டின் மேல் நெயில் பாலிஷால் ஒரு புள்ளி வையுங்கள், சிப் மேலும் பட்டை மேலும் படாமல். கார்டு மாறினால் அங்கேயே தெரியும்.

புது கார்டு தபால்ல வந்துச்சு, பின் நம்பர் கவர் வரவே இல்ல. எங்க போய்க் கேக்கறது?

பல வங்கிகள் கவர் அனுப்புவதை நிறுத்திவிட்டன. உங்கள் வங்கியின் ஏடிஎம்மில் கார்டைப் போட்டு "பின் உருவாக்கு" என்பதைத் தேர்ந்தெடுங்கள். கணக்கு எண்ணோ, வங்கியில் பதிந்த மொபைல் எண்ணோ கேட்கும். அந்த மொபைலுக்கு ஓடிபி வரும், அதைக் கொடுத்து உங்கள் நான்கு இலக்கத்தை வையுங்கள். சில வங்கிகளில் ஓடிபி வந்த பிறகு கார்டை எடுத்து மறுபடி போட்டு "பின் மாற்று" என்று போக வேண்டும். வங்கியின் ஆப்பிலும் செய்யலாம். சிக்கல் பெரும்பாலும் ஒன்றுதான்: பதிந்திருக்கும் மொபைல் எண் பழையது. அதற்குக் கிளைக்குத்தான் போக வேண்டும்.

பிறந்த வருஷம், வண்டி நம்பர், 1234 வேண்டாம். புது கார்டில் உள்நாட்டு ஏடிஎம்மும் கடை மிஷினும் மட்டுமே திறந்திருக்கும். ஆன்லைன், வெளிநாடு, கார்டைச் சொருகாமல் மிஷின் மேல் தட்டிச் செலுத்துவது மூன்றையும் நீங்கள்தான் ஆப்பிலோ ஏடிஎம்மிலோ திறக்க வேண்டும். 2020 அக்டோபரிலிருந்து இதுதான் விதி. கப்பல் வேலைக்குப் போகிறவர்கள் கிளம்பும் முன்பே வெளிநாட்டுப் பயன்பாட்டைத் திறந்து, ஒரு வரம்பும் வைத்துவிட்டுப் போங்கள்.

பின் நம்பர் சிப்புக்குள்ளயா இருக்கு? கார்டு தொலைஞ்சா பிரிச்சு எடுத்துடுவாங்களா?

ஏடிஎம்மில் நீங்கள் அழுத்தும் பின், பட்டன் பலகைக்குள்ளேயே மறையாக்கம் செய்யப்பட்டு வங்கிக்குப் போய் அங்கே சரிபார்க்கப்படுகிறது. நம் ஊர்க் கடை மிஷின்களிலும் பெரும்பாலும் அப்படித்தான். அதனால்தான் பின்னை மாற்றிய மறு நிமிஷமே புதியது எல்லா இடத்திலும் செல்கிறது. கார்டைப் பிரித்தால் பின் கிடைக்காது. பர்சுக்குள் சீட்டில் எழுதி வைத்திருந்தால் கிடைக்கும்.

முடக்குவதற்கான இலவச எண் கார்டின் பின்புறம்தான் அச்சாகியிருக்கும். கார்டே தொலைந்த பிறகு அது எப்படிப் பயன்படும்? இப்போதே போனில் சேமித்துவிடுங்கள்.

மூணு தடவை தப்பாப் போட்டுட்டேன், கார்டு செத்துடுச்சா?

இல்லை. பின் மட்டும் பூட்டிக்கொள்ளும். பெரும்பாலான வங்கிகளில் மறுநாள் தானே திறக்கும். அவசரமென்றால் மேலே சொன்ன வழியில் புதுப் பின் வைத்துப் பாருங்கள்.

வைஃபை மாதிரி கோடு போட்ட கார்டு குடுத்திருக்காங்கோ. பஸ்ல பக்கத்துல நிக்கிறவன் மிஷினை வச்சு உரசிட்டா காசு போயிடுமா?

அது வைஃபை இல்லை. அதே சிப் கம்பியில்லாமல் பேசும் முறை. சுமார் 4 செ.மீ. நெருக்கத்தில்தான் படிக்கும். ஒரு முறைக்கு ₹5,000 வரை பின் இல்லாமல் போகும், அதற்கு மேல் பின் கேட்கும். 2021 ஜனவரிக்கு முன் இந்த வரம்பு ₹2,000. ஒவ்வொரு தட்டலுக்கும் ஒரு முறைக் குறியீடு உண்டு என்பதால் அதை நகலெடுத்துப் பயனில்லை.

நெரிசலில் மிஷினை உரசிப் பணம் எடுப்பது நடக்கவே முடியாதது அல்ல. ஆனால் அந்த மிஷின் ஆவணங்கள் கொடுத்து ஒரு வங்கிக் கணக்கோடு இணைத்து வாங்கியது, பணம் போய்ச் சேர்ந்த இடம் உடனே தெரிந்துவிடும். உண்மையான ஆபத்து கார்டு தொலைவதுதான், எடுத்தவன் பின் இல்லாமலே தட்டிக்கொண்டு போகலாம். மனது ஒப்பவில்லை என்றால் ஆப்பில் தட்டும் வசதியை மட்டும் அணைத்துவிடுங்கள், அல்லது வரம்பை ₹500 ஆக்குங்கள்.

வண்ணாரப்பேட்டை மெட்ரோவுல வாங்குன சிங்காரச் சென்னை கார்டும் இதே மாதிரிதானா?

அதுவும் ரூபே சிப் கார்டுதான். ஆனால் பயணத்துக்கான பணம் கார்டின் சிப்பிலேயே ஏற்றி வைக்கப்படுகிறது, கேட்டில் பின் கேட்காது. கார்டு தொலைந்தால் அந்த மீதிப் பணம் ரொக்கம் தொலைந்த மாதிரிதான். நிறைய ஏற்றி வைக்காதீர்கள்.

வீட்டுக்காரர் காசிமேட்டுல மீன் ஏலம் எடுக்குறார். ஆறு மாசத்துல கார்டு படிக்க மாட்டேங்குது. ஏன்?

உப்பு ஈரம். இணைப்புத் தகட்டின் மேல் தங்கப் பூச்சு மிக மெல்லியது. அது தேய்ந்த இடத்தில் கீழே இருக்கும் உலோகத்தை உப்பு அரிக்கும். மீன் செதிலும் கொழுப்பும் காய்ந்து படலமாக ஒட்டினாலும் மிஷினின் முள் சிப்பைத் தொடாது. துறைமுகத்துக்குப் போகும்போது கார்டை மூடும் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொடுங்கள்.

அழுக்கேறினால் மெல்லிய பருத்தித் துணியில் மருந்துக் கடை ஸ்பிரிட் ஒரு சொட்டு விட்டுத் துடைத்து, நன்றாக உலர்ந்த பின் போடுங்கள். உப்புத்தாள், கத்தி, பாத்திரம் தேய்க்கும் நார் எதுவும் படக்கூடாது. துடைத்தும் சரியாகவில்லை, மூன்று நான்கு மிஷின்களில் இதே கதை என்றால் கார்டைத்தான் மாற்ற வேண்டும். பின் பாக்கெட்டில் வைத்து உட்கார்ந்து கார்டு வளைந்தால் சிப்பின் உள் இணைப்பு விட்டுப்போகும். அதற்குத் துடைப்பது மருந்தில்லை.

நான் கடைக்காரன். சிப் படிக்கலைன்னா பட்டையைத் தேச்சு வாங்கிக்கலாமா?

முதலில் யார் மேல் குற்றம் என்று பாருங்கள். வேறொரு கார்டைப் போட்டால் படிக்கிறதா? படிக்கவில்லை என்றால் உங்கள் மிஷினின் முள்ளில் தூசி. எண்ணூர் முதல் ராயபுரம் வரை கடலோரக் கடைகளில் இது சகஜம். கார்டு வடிவிலேயே வரும் சுத்தம் செய்யும் அட்டையை மிஷின் கொடுத்தவர்களிடம் கேட்டு வாங்கி, அவ்வப்போது சொருகி எடுங்கள்.

சிப் தோற்றால் பட்டைக்கு மாறும் வழி சில மிஷின்களில் உண்டு. ஆனால் சிப் உள்ள இந்தியக் கார்டுகளுக்கு வங்கிகள் அதைப் பெரும்பாலும் மறுத்துவிடும். அனுமதித்தாலும் பிறகு தகராறு வந்தால் நீங்கள் பதில் சொல்ல வேண்டி வரும். வேண்டுமென்றே சிப்பைக் கெடுத்து வைத்து "தேச்சுக்கோங்க" என்று வருவது போலிக் கார்டுக்காரர்களின் பழைய தந்திரம். தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள், அல்லது யுபிஐ கேளுங்கள். பில் போடும் கம்ப்யூட்டரில் இன்னொரு முறை தேய்த்துப் பட்டைத் தகவலைச் சேமித்து வைப்பது கார்டு பாதுகாப்பு விதிகளின்படி கூடாது.

கணக்குல காசு போயிடுச்சு, கடையில "வரல"ன்றாங்கோ. இன்னொரு தரம் போடலாமா?

உடனே போடாதீர்கள். கடை மிஷினிலேயே கடைசிப் பரிவர்த்தனையின் நிலையைப் பார்க்க முடியும், அச்சிடச் சொல்லுங்கள். தோல்வி என்று வந்தால் அந்தத் துண்டுச் சீட்டை வைத்துக்கொண்டு மறுபடி போடலாம். போன பணம் பரிவர்த்தனை நாளுக்குப் பிறகு 5 நாட்களுக்குள் தானாகத் திரும்ப வேண்டும். தாமதமானால் நாளொன்றுக்கு ₹100 வங்கி இழப்பீடு தர வேண்டும் என்பது 2019 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி போட்ட விதி. ஏடிஎம்மில் பணம் வராமல் கணக்கில் கழிந்தாலும் இதே விதிதான்.

அம்மாவோட பழைய பட்டை கார்டு பீரோவுல இருந்துச்சு. பணமும் போச்சா?

கார்டுதான் செத்தது, கணக்கு அப்படியே இருக்கும். இரண்டு வருஷத்துக்கு மேல் அம்மா பணம் போடவோ எடுக்கவோ இல்லை என்றால் கணக்கைச் செயல்படாதது என்று வைத்திருப்பார்கள். பாஸ்புக், ஆதார், பான், போட்டோவோடு அம்மாவைக் கிளைக்கு அழைத்துப் போய் விவரங்களைப் புதுப்பித்தால் திறந்துவிடும், சிப் கார்டும் கேட்டு வாங்கலாம். பழைய கார்டைப் பட்டைக்குக் குறுக்கே நான்கு துண்டாக வெட்டுங்கள். சிப் கார்டைத் தூக்கிப்போடும்போது கத்தரி தங்கச் சதுரத்தின் நடுவிலும் போக வேண்டும்.

பின்னை யார்கிட்டயும் சொல்லல, கார்டும் என்கிட்டதான் இருக்கு. ஆனா பணம் போயிருக்கு. "உங்க பின் போட்டுத்தான் எடுத்திருக்காங்க"ன்னு பேங்க்ல கைய விரிக்கிறாங்க. இன்னா பண்றது?

அந்தப் பதிலோடு திரும்பி வராதீர்கள். முதலில் கார்டை முடக்கி, வங்கியின் புகார் எண்ணை வாங்குங்கள். 1930-க்கும் சொல்லுங்கள், அது நாடு முழுவதற்குமான சைபர் குற்ற உதவி எண். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அவ்வளவுக்குப் பணத்தை வழியிலேயே நிறுத்தும் வாய்ப்பு உண்டு. பிறகு எழுத்தில் கேளுங்கள்: எந்த ஏடிஎம் அல்லது கடை, என்ன நேரம், கார்டு படிக்கப்பட்டது சிப்பிலா, தட்டியா, பட்டையிலா? வங்கியின் பதிவில் இது எண்ணாக இருக்கும்: 05 என்றால் சிப், 07 என்றால் தட்டியது, 90 என்றால் பட்டை, 80 என்றால் சிப் தோற்றுப் பட்டைக்கு மாறியது. 90, 80 என்று வந்தால் நகல் கார்டு என்று வாதிட உங்களுக்கு வலுவான ஆதாரம். ஏடிஎம் கேமராப் பதிவைப் பத்திரப்படுத்தச் சொல்லியும் அதே கடிதத்தில் எழுதுங்கள்.

2017 ஜூலை 6 தேதியிட்ட ரிசர்வ் வங்கிச் சுற்றறிக்கையின்படி தவறு வங்கி மீதும் இல்லை, உங்கள் மீதும் இல்லை என்னும்போது, தகவல் கிடைத்து 3 வேலை நாட்களுக்குள் புகார் செய்தால் உங்கள் இழப்பு பூஜ்யம். 4 முதல் 7 வேலை நாட்கள் என்றால் சாதாரண சேமிப்புக் கணக்குக்கு அதிகபட்சம் ₹10,000, அடிப்படைச் சேமிப்புக் கணக்குக்கு ₹5,000. அதற்கும் பிந்தினால் அந்தந்த வங்கியின் கொள்கைப்படி. புகார் கொடுத்து 10 வேலை நாட்களுக்குள் தொகையைத் தற்காலிகமாக வரவு வைக்க வேண்டும், 90 நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். வாடிக்கையாளர்தான் தவறு செய்தார் என்று நிரூபிக்கும் பொறுப்பும் வங்கியுடையதே. பின்னை நீங்களே சொல்லியிருந்தால் மட்டும் புகார் செய்யும் நேரம்வரை போன பணம் உங்கள் இழப்புதான்.

வங்கி 30 நாட்களில் பதில் தரவில்லை, அல்லது தந்த பதில் திருப்தியில்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், கட்டணமில்லை. ராஜாஜி சாலை அலுவலகத்தில் போய் நிற்க வேண்டிய அவசியமில்லை. 14448-ல் வழி கேட்டு ஆன்லைனிலேயே பதியலாம்.

அப்போ சிப்பை ஏமாத்தவே முடியாதா?

சிப்பைப் படிக்கும் பிளவுக்குள்ளேயே தாள்போல் மெல்லிய தகட்டை நுழைத்துத் தகவல் திருடும் முறை உண்டு. அப்படிக் கிடைப்பதை வைத்துச் சிப்பை உருவாக்க முடியாது. பட்டைதான் எழுதலாம், அதிலும் சரிபார்ப்பு எண் காட்டிக்கொடுக்கும். ஆனால் சரிபார்க்கும் வங்கியின் கணினியே ஏமாற்றப்பட்டால் கார்டில் எது இருந்தும் பயனில்லை. 2018 ஆகஸ்டில் புனேயின் காஸ்மாஸ் கூட்டுறவு வங்கியில் போன ₹94 கோடியில் பெரும்பகுதி அப்படித்தான் போனது. "சரி" என்ற பதிலைத் திருடர்களே அனுப்பிக்கொண்டு, 28 நாடுகளின் ஏடிஎம்களில் நகல் கார்டுகளால் பணம் எடுத்தார்கள். ஆன்லைனில் கார்டு எண்ணைத் தட்டும்போதும் சிப் வேலை செய்வதில்லை. அங்கே உங்களைக் காப்பது பெரும்பாலும் ஓடிபிதான், அதையும் யாரிடமும் சொல்லக்கூடாது.

இந்தக் கருப்புப் பட்டை எப்பத்தான் ஒழியும்?

மாஸ்டர்கார்டு 2021-லேயே தேதி சொல்லிவிட்டது: 2029-லிருந்து புதுக் கார்டுகளில் பட்டை இருக்காது, 2033-க்குள் தன் கார்டுகள் எதிலும் இருக்காது. உங்கள் அடுத்த கார்டிலோ அதற்கடுத்ததிலோ பின்பக்கம் வெறுமையாக வந்தால் போலி என்று பயந்து கிளைக்கு ஓட வேண்டாம்.